ஹெட்செட் மைக் மட்டும் ஊமை: லினக்ஸில் சவுண்ட் சிப்போடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

லினக்ஸில் சவுண்ட் டிரைவரோடு போராடியவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

போன மாதம் தங்கைக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அவள் லேப்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தது நான்தான். ஸ்பீக்கர் பாடியது, ஹெட்போன் பாடியது, ஹெட்செட் மைக்கில் மட்டும் சத்தமே ஏறவில்லை. கையில் இருந்தது மூன்று நாள். அதில் இரண்டை வீணடித்தேன். ஆப்களுக்கும் டிரைவருக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் பைப்வயரைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் பல்ஸ்ஆடியோ போட்டேன், மறுபடி பைப்வயர் போட்டேன், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலையும் மாற்றினேன். பலன் இல்லை.

மூன்றாம் நாள் காலை டெர்மினலில் அல்சாமிக்சரைத் திறந்தேன். அல்சா என்பது லினக்ஸின் சவுண்ட் டிரைவர் அடுக்கு, இது அதன் ஒலி அளவுக் கருவி. எஃப்6 அழுத்திச் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்திக் கேப்சர் (ஒலிப்பதிவு) பக்கம் போனால், ஹெட்செட் மைக்குக்கென்று ஒரு பட்டையே இல்லை. மியூட் ஆகியிருந்தால் திறந்துவிடலாம். அப்படி ஒரு மைக் இருப்பதே டிரைவருக்குத் தெரியாதபோது, அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் பைப்வயரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

அடுத்து, கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் 'ப்ராக்' அடைவுக்குள் 'அசவுண்ட்', அதற்குள் 'கார்டு0', அதில் 'கோடெக்#0' என்ற கோப்பைப் படித்தேன். முதல் வரியிலேயே சிப்பின் பெயர்: ரியல்டெக் ஏஎல்சி256. கீழே சிப்பின் ஒவ்வொரு பின்னும் (இணைப்பு முனை) எதற்கென்று வரிசையாக இருக்கும். 14 ஸ்பீக்கர், 21 ஹெட்போன், 12 உள் மைக். 19க்கு நேரே 411111எஃப்0 என்ற எண். "இங்கே எதுவும் இணைக்கப்படவில்லை" என்று அர்த்தம். இந்த எண்களை எழுதி வைப்பது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ், அதை டிரைவர் அப்படியே நம்புகிறது. உண்மையில் ஹெட்செட் மைக்கின் கம்பி 19இல்தான் வந்து சேர்கிறது!

அல்சா-டூல்ஸ்-குய் தொகுப்பில் எச்டிஏ-ஜாக்-ரீடாஸ்க் என்றொரு கருவி இருக்கிறது. இணைப்பில்லாத பின்களையும் காட்டச் சொல்லி, 19ஐ மைக்ரோஃபோன் என்று மாற்றினேன். உடனே அமலாக்கும் பொத்தான் எடுபடவில்லை, கார்டைப் பைப்வயர் பிடித்து வைத்திருந்தது. பூட் ஆகும்போதே எடுத்துக்கொள்ளும்படி நிறுவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். தங்கை "ஹலோ" என்றதும் அளவுப் பட்டை துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்தபோது இருந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை.

இன்டர்வியூ முடிந்ததும் அல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்டை ஓட்டி, அதன் வெளியீட்டை அல்சா டெவலப்பர்களுக்கு மெயிலில் அனுப்பினேன். தவறான பயாஸ் உள்ள மாடல்களுக்கு கெர்னலிலேயே திருத்தப் பட்டியல் உண்டு, மாடலுக்கு ஒரு வரி. அந்த வரி ஏறிவிட்டால் இதே லேப்டாப் வாங்கும் அடுத்தவர் எதையும் தொட வேண்டியதில்லை. தீர்வு கிடைத்தவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

* * *

அண்ணா, எனக்கு வந்தது வேறு. லேப்டாப் புதுசு. கார்டே தெரியவில்லை, செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' மட்டும். கெர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்கைப் பார்த்தால் எஸ்ஓஎஃப் என்ற ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஏற்றும் மென்பொருளைத் தேடி, பிழை -2 என்று நின்றிருந்தது. -2 என்றால் கோப்பு இல்லை. இப்போதைய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஒலி ஒரு தனி டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் செயலி) வழியாகப் போகிறது, அந்த டிஎஸ்பிக்கு ஃபர்ம்வேர் வேண்டும். நான் போட்டது டெபியன் 11. கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ களஞ்சியத்தைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைண்ட் தொகுப்பை நிறுவியதும் ஸ்பீக்கர், உள் மைக் இரண்டும் வந்துவிட்டன.

* * *

நான் டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் அல்சா மட்டும் வைத்துப் பாட்டுக்கென்று ஒரு பழைய கணினி ஓட்டுகிறேன். அதில் எச்டிஎம்ஐ ஒலி கார்டு 0, ஸ்பீக்கர் செருகும் அனலாக் ஒலி கார்டு 1. அல்சாவின் அமைப்புக் கோப்பான அசவுண்ட்.கான்ஃபில் இயல்பு கார்டை 1 என்று எழுதினேன், பாடியது. ஒரு வாரம் கழித்து ரீஸ்டார்ட் செய்தால் சத்தம் இல்லை. கார்டுகளின் வரிசை இடம் மாறியிருந்தது. எண்ணுக்குப் பதில் 'பிசிஎச்' என்ற கார்டின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் மாறவில்லை. முதல் பதிவு எழுதிய தம்பி சொன்ன 'அசவுண்ட்' அடைவைத்தான் நானும் முதலில் பார்ப்பது, அதில் 'கார்ட்ஸ்' கோப்பைத் திறந்தால் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.