காலுறையைக் கழற்றிய மகாராஜா

சில ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் ஓர் ஓவியக் கண்காட்சியில், பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்கின் உருவப்படம் ஒன்றைக் கண்டேன். அன்று கண்டதை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இந்தியாவின் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் ஆக்லாண்டு பிரபுவின் தங்கை எமிலி ஈடன், 1838ஆம் ஆண்டு இறுதியில் தம் அண்ணனுடன் பஞ்சாப் சென்றிருந்தபோது மகாராஜாவை நேரில் பார்த்து வரைந்தது அது. நான் கண்டது மூலப்படமன்று. 1844இல் லண்டனில் வெளியான கல்லச்சுத் தொகுப்பைச் சேர்ந்த, கையால் வண்ணமிடப்பட்ட படி.

பதினெட்டு வயதில் லாகூரைக் கைப்பற்றியவர், காஷ்மீரையும் பெஷாவரையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தவர், கோஹினூர் வைரத்தைக் கையில் வைத்திருந்தவர் என்று படித்திருந்த எனக்கு, அரியணையும் வாளும் மணிமாலைகளுமாக ஒருவர் கம்பீரமாக வீற்றிருப்பார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. படத்தில் இருந்தவரோ வெண்தாடியுடன், ஒடுங்கிய உடலுடன், நாற்காலியில் ஒரு காலை மடக்கிவைத்து உட்கார்ந்திருக்கும் முதியவர். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் நாற்காலியில் அப்படித்தான் உட்காருவார்கள் என்பதால், அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றேன்.

வீடு திரும்பிய பிறகு எமிலியின் கடிதங்களைத் தேடிப் படித்தேன். இரண்டு கால்களிலும் காலுறை அணிந்து வந்த மகாராஜா, சற்று நேரத்திலேயே ஒன்றைக் கழற்றிவிட்டு, பாதத்தைக் கையில் பிடித்தபடி வசதியாக அமர்ந்துகொண்டாராம். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலுக்கு எதிரில் அவ்வாறு இயல்பாக இருக்க முடிந்ததைவிடப் பெரிய அதிகாரச் சின்னம் எதுவும் அந்தப் படத்துக்குத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. நரைத்த மீசையும் ஒற்றைக் கண்ணும் கொண்ட கிழட்டு எலியைப் போன்றவர் என்றும் எமிலி எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் மிகவும் வருந்தியது. குழந்தைப் பருவத்தில் பெரியம்மை பறித்த கண் அது. எனினும், தம் முயற்சியாலேயே பெரிய அரசரானவர், நீதியாக ஆள்பவர், மரண தண்டனை விதிப்பதே அரிது, குடிமக்களின் பேரன்பைப் பெற்றவர் என்று ஒப்புக்கொள்வதும் அதே கை. அவருடைய எழுத்தில் இருக்கும் ஏளனம் ஓவியத்தில் இல்லை என்பதே என் கருத்து.

•

மேலே எழுதிய அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் எதிர்பார்த்த அரியணையை நான் லண்டனில், விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஹாபிஸ் முகம்மது முல்தானி என்ற பொற்கொல்லர் செய்தது. மரத்தின் மேல் பொன் தகடு போர்த்தி, தாமரை இதழ்கள் அடுக்கடுக்காக விரிவதுபோல அமைத்திருக்கிறார். மகாராஜா பெரும்பாலும் கம்பளத்தில் சம்மணமிட்டு அமர்வதையே விரும்பியவர், அந்த ஆசனத்தில் அதிகம் அமர்ந்ததில்லை என்று அறிந்தபோது, எனக்கும் நீங்கள் சொன்ன படம்தான் நினைவுக்கு வந்தது.

•

ஐயா, மிக்க நன்றி. எமிலியின் பஞ்சாப் பயணத்தைப் பற்றி இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். விக்டோரியா அரசியின் படம் ஒன்றை எமிலியே தீட்ட, அதைப் பொன் சட்டமிட்டு ஆக்லாண்டு பிரபு மகாராஜாவுக்குப் பரிசளித்தார். பீரங்கி முழங்க அது பெற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 27 அன்று மகாராஜா லாகூரில் காலமானார். அந்தச் சந்திப்பு நிகழ்ந்த 1838ஆம் ஆண்டிலேயே பிறந்த மகன் துலீப் சிங், 1849இல், பத்து வயதில், நாட்டையும் கோஹினூரையும் பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட நேர்ந்தது. வைரம், படத்தில் இருந்த அதே அரசியிடம் போய்ச் சேர்ந்தது.