குவில்ட் தேய்க்கும்போது மேலே விரிக்க வீட்டில் என்ன இருக்கு?

அக்காமாரே, குவில்ட்டுக்காக (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைச்ச துண்டுகளைத் தேய்க்கும்போது மேலே விரிக்கிற துணிக்கு வீட்டிலேயே கிடைக்கிற மாற்று வேணும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தைக்கிறவங்க சொன்னா ரொம்ப உதவி.

இப்போதைக்குச் சரியா வர்றது பழைய வெள்ளைப் பருத்தி வேட்டிதான், ரெண்டு மடிப்பு. கஞ்சி துளிகூட இருக்கக்கூடாது. இருந்தா சூட்டில் பழுப்பேறி இஸ்திரிப் பெட்டியின் அடியில் பிடிச்சுக்கும். கசவுக் கரையையும் வெட்டிடணும், ஜரிகையில் பிளாஸ்டிக் இழை இருந்தா உருகிடும். துவர்த்து (துவட்டுற துண்டு) வேண்டாம், அதோட நெசவு அப்படியே துணியில் பதியுது. நியூஸ்பேப்பர்னா மை ஒட்டும்.

பிரச்சினை என்னன்னா, வேட்டிக்கு அடியில் தையல் விளிம்பு தெரியமாட்டேங்குது. மடிஞ்சு கிடந்தா அந்த மடிப்போடயே அமுங்கிடுது. மேல்துணி இல்லாமலும் முடியாது, அடர் நிறத்தில் தையல் மேடு மட்டும் பளபளன்னு ஆயிடும். பட்டு ஆர்கன்சா கண்ணாடி மாதிரி தெரியும், சூடும் தாங்கும். ஆனா கடையில் ஆர்கன்சான்னு தர்றது பெரும்பாலும் பாலியெஸ்டர். (ஒரு நூலை எரிச்சுப் பாருங்க: பட்டுன்னா முடி கருகின வாசம், சாம்பல் பொடியும். பாலியெஸ்டர் உருகி உருண்டையா இறுகும்.) பழைய பட்டுத் தாவணி, மல்மல் சேலை யாராவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?

அப்புறம் ஒட்டுக் கேன்வாஸ் (சூட்டில் ஒட்டுற, பசை தடவின உள்துணி). பசை வேட்டியில் ஊறி அடுத்த துண்டில் கறையாகுது. கேக் சுடும்போது போடுற பேக்கிங் பேப்பரில் பசை பிடிக்காது, ஆனா நீராவி இறங்காது; ஈரத்துணி போட்டு 10 விநாடி அமுக்க வேண்டிய கேன்வாஸுக்கு அது உதவாது. மெழுகுத்தாள் பேச்சே வேண்டாம். பசை வேலைக்கு மட்டும் தனித் துணி ஒதுக்குறீங்களா, இல்ல வேற வழி உண்டா?