கவாத்துக் கத்தரிக்கு இடுப்பு உறை: நனைத்து அச்செடுத்த தோல் காய்ந்ததும் தளர்கிறது

திராட்சைக்கொடி:
பெல்ட்டில் மாட்டும் தோல் உறை. பின்பக்கம் தட்டை. முன்பக்கத் தோலை நனைத்து, கத்தரியின் மேல் வைத்து அழுத்தி வடிவம் எடுக்கிறேன். தோல் 2 மி.மீ. கனம். காய்ந்தபின் வடிவம் தளர்ந்துவிடுகிறது, நுனி வளைவில் மடிப்பு விழுகிறது, இரும்பு பட்ட இடமெல்லாம் கருநீலக் கறை. ஹேர் டிரையர் காட்டிய துண்டு சுருங்கி விறைத்துவிட்டது, வளைத்தால் வெடிக்கிறது. இது குரோம் தோலாக (குரோமிய உப்பில் பதனிட்டது) இருக்குமோ?

குத்தூசி:
இல்லை. கறை விழுந்ததும் டிரையரில் சுருங்கியதுமே அதற்குச் சாட்சி. இரண்டும் மரப்பட்டையில் பதனிட்ட தோலின் குணம். ஆவாரம் பட்டையோ வாட்டில் பட்டையோ, அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்ந்து மை ஆகிற அதே வினைதான். சந்தேகம் தீர ஒரு சின்னத் துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு இறுகும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் பெரிதாக மாறாது.

டிரையரில் நடந்ததும் இதுவே. ஈரமாக இருக்கும் பட்டைத் தோல் ஏறக்குறைய 70–80 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கும், அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. டிரையரின் வாயருகே அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். நிழலும் மின்விசிறியும் போதும்.

கறைக்கு: கத்தரியை கிளிங் ஃபிலிமில் (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இரண்டு சுற்று சுற்றிய பிறகே தோலில் வையுங்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் தோல் முழுவதுமே மங்கும், வடிகட்டிய நீர் நல்லது. விழுந்த கறையில் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, சில நிமிடத்தில் ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தெடுங்கள்.

வார்ப்பட்டை:
தளர்வதற்கு முதல் காரணம் கனம். 2 மி.மீ. தோல் பர்ஸுக்குச் சரி. கருவி தாங்கும் உறைக்கு 3 முதல் 3.5 மி.மீ. மாட்டுத் தோல், முதுகு அல்லது தோள் பகுதி வேண்டும். வயிற்றுப் பகுதி இழுத்தால் இழுத்தபடி போகும், அச்சு நிற்காது. மேலே மெழுகோ பாலிஷோ ஏற்றிய தோலும் வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: உறிஞ்சி அந்த இடம் கருத்தால் அச்சுக்கு ஆகும்.

அடுத்தது ஈரத்தின் பதம். பெரும்பாலான உறைகள் கெடுவது இங்கேதான். வெதுவெதுப்பான நீரில், குமிழி வருவது நிற்கும் வரை முக்குங்கள். 3 மி.மீ. தோலுக்கு ஓரிரு நிமிடம் ஆகும். மணிக்கணக்கில் ஊறவிட்டால் துவர்ப்பும் எண்ணெயும் கரைந்து வெளியேறி, காய்ந்த தோல் மொரமொரவென்று உடையும். எடுத்த தோலை பிளாஸ்டிக் பையில் இரவு முழுக்க மூடிவைத்தால் ஈரம் உள்ளும் புறமும் சமமாகும். காலையில் பையைத் திறந்து ஆறவிடுங்கள். மேல் நிறம் வெளுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். அழுத்தும்போது தண்ணீர் கசிந்தால் இன்னும் பொறுங்கள். சொதசொதவென்று இருக்கும்போது எடுத்த அச்சு நிற்காது.

மரச்சட்டம்:
மடிப்புக்கு என் பதில்: கையால் அழுத்தாதீர்கள், ப்ளைவுட்டில் அச்சுக்கட்டை செய்யுங்கள்.

கத்தரியை மூடிப் பூட்டி, காகிதத்தில் வரைந்து, கத்தரியின் கனமுள்ள ப்ளைவுட்டில் (பெரும்பாலும் 18 மி.மீ.) வெட்டுங்கள். மேல் விளிம்பை 5 மி.மீ. உருட்டித் தேய்த்துவிடுங்கள். நுனியில் கத்தரியின் கூர்மையை அப்படியே பின்பற்றாமல் குறைந்தது 12 மி.மீ. ஆரத்துக்கு வளையுங்கள். கூர்மையான நுனியில் மிஞ்சும் தோலுக்குப் போக இடமில்லை, அதுதான் மடிப்பாகிறது. இன்னொரு பலகையில் இதே வடிவத்தை, சுற்றிலும் தோலின் கனம் அளவு கூடுதலாக விட்டு, துளையாக வெட்டுங்கள். 3 மி.மீ. தோலுக்கு 3 மி.மீ. இடைவெளி. குறைத்தால் தோலின் முகம் உரியும், கூட்டினால் மடிப்பு திரும்ப வரும்.

வாய்ப் பக்கம் கட்டையை உறையைவிட 40 மி.மீ. நீளமாக விடுங்கள். வாயைக் காய்ந்த பிறகு நேராக வெட்டிக்கொள்ளலாம். சுற்றிலும் 25 மி.மீ. தோல் மிச்சம் வேண்டும். பதமான தோலைக் கட்டையின் மேல் விரித்து, துளைப் பலகையை அதன் மேல் வைத்துக் கிளாம்பு போடுங்கள். கிளாம்புகளை ஒரே மூச்சில் இறுக்காமல், நுனியில் தொடங்கி மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பாதி காய்ந்ததும் கட்டையை எடுத்துவிட்டு, ஃபிலிம் சுற்றிய கத்தரியை உள்ளே வைத்து, கரண்டிக் காம்பால் நடுத் திருகைச் சுற்றி அழுத்துங்கள். அந்த மேடுதான் கத்தரியைப் பிடித்து நிறுத்தும். வேறெங்கும் நுணுக்கம் தேவையில்லை, அதிகம் அழுத்தினால் கத்தரி உருவ வராது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், இந்தப் பதத்தில் நகக் கீறல்கூட நிலைத்துவிடும். பிறகு கட்டையைத் திரும்பப் போட்டு முழுதும் காயவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். முன்னதாக எடுத்தால் தளரும்.

திராட்சைக்கொடி:
தெளிவாகிவிட்டது, நன்றி. தையலும் எண்ணெயும் எப்போது? கத்தரியில் ஈரமும் பிசினும் இருக்குமே?

குத்தூசி:
முழுதும் காய்ந்த பிறகு. ஓரத்தை 10 மி.மீ. விட்டு வெட்டி, ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டி, விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே இரட்டை ஊசித் தையல் போடுங்கள். அலகு உரசும் பக்கம் இரண்டு தோலுக்கும் இடையே 3 மி.மீ. தோல் பட்டி ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகும். அடியில் 8 மி.மீ. இடைவெளி விட்டுத் தையுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) மெல்லிசாக ஒரே பூச்சு. அதற்கு மேல் போனால் இவ்வளவு பாடுபட்டு எடுத்த அச்சு இளகிவிடும். ஒரு நாள் கழித்துத் தேன்மெழுகு தேயுங்கள்.