மலைக்காட்டுக்கு எந்த பிக்கப்? ஃபோர் பை டூ போதுமா, ஃபோர் லோ வேண்டுமா?

கடம்பூர்க்காடு:
வணக்கமுங்க. சத்தியமங்கலத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது, வாழையும் மஞ்சளும். மேலே கடம்பூர் மலையில் ஆறு ஏக்கர் மானாவாரி, ராகியும் மக்காச்சோளமும். வாரத்துக்கு மூன்று நடை மேலே போக வேண்டும். கெம்பநாயக்கன்பாளையத்தில் இருந்து மலை ஏறும்வரை தார் ரோடுதான். அதை விட்டு இறங்கினால் எங்கள் சாளைக்கு (காட்டு வீட்டுக்கு) ஒன்றரை கிலோமீட்டர் இட்டேரி, இரண்டு பக்கமும் வேலி உள்ள மண் தடம். நடுவில் ஒரு பள்ளம் குறுக்கே வரும், ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் ஓடும். கடைசி இருநூறு அடி செஞ்சரளை ஏற்றம்.

இசுசு வி-கிராஸ் எடுக்கலாம் என்று இருக்கிறேன். இசட் ஃபோர் பை டூ ஆட்டோமேட்டிக், இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவல், இசட் பிரஸ்டீஜ் ஃபோர் பை ஃபோர் ஆட்டோமேட்டிக் என்று வருகிறது. ஃபோர் பை டூ என்றால் இரண்டு சக்கர இழுவை, ஃபோர் பை ஃபோர் என்றால் நாலு சக்கர இழுவை. எல்லாவற்றிலும் ஒரே 1.9 லிட்டர் டீசல் இன்ஜின்தான், 163 குதிரைத் திறன். "மாட்டு வண்டி போன தடத்துக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்கணும், ரெண்டு போதும்" என்கிறார் அப்பா. மிச்சமாகும் பணத்தில் போர்வெல்லுக்குப் புது மோட்டார் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஏறியவர்கள் சொல்லுங்கள்.

கோபி வாய்க்கால்:
இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவல். யோசிக்கவே வேண்டாமுங்க. என்னிடம் அதுதான் இருக்கிறது.

உங்கள் அப்பா சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது. மாட்டு வண்டியில் சக்கரம் இழுப்பதில்லை, மாடுதான் இழுக்கிறது. அதன் நாலு காலும் தனித்தனியாக மண்ணைப் பிடிக்கும். பிக்கப் அப்படி இல்லை. ஃபோர் பை டூவில் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். பின்பக்கம் காலியாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. ஈரச் சரளையில் அது சுற்றும், வண்டி நகராது.

அப்புறம் ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் குறைவேகக் கியர். வெறும் நாலு சக்கர இழுவை என்று நினைக்காதீர்கள். அந்தக் கியரில் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும், வேகம் அந்த அளவுக்குக் குறையும். கிளட்சைக் கருக்காமல், ஆள் நடக்கும் வேகத்தில் உங்கள் இருநூறு அடியை ஏறிவிடலாம்.

பெருந்துறை டீசல்:
பட்டறை வைத்திருக்கிறேன், தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். கோபித் தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் முதலில் பேச வேண்டியது டயர். கம்பெனியில் இருந்து வரும் ரோட்டு டயரோடு ஃபோர் பை ஃபோர் வாங்கிச் சேற்றில் மாட்டியவர்கள் எத்தனையோ பேர். நாலு சக்கரமும் இழுத்தாலும் மண்ணைத் தொடுவது டயர்தானே. மண்ணுக்கும் ரோட்டுக்கும் ஆகும் நல்ல ஆல்-டெரைன் டயர் போட்டு, தோட்டத்துக்குள் நுழையும்போது காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, பின்னால் நாலு மணல் மூட்டை போட்டால் ஃபோர் பை டூவே பாதிக்கு மேல் வேலையை முடித்துவிடும். தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் காற்று அடித்துக்கொள்ள வேண்டும், அதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. ஃபோர் பை ஃபோர் வாங்குகிறவர்கள் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டே ஓட்டுகிறார்கள். வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டுமே தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரத்தைச் சேர்க்கும் வகை. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் போகும் தூரம் வேறு வேறு. நடுவில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு கிடையாது. மண்ணில் என்றால் டயர் சறுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லை, முறுக்கு முழுக்க, விசையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆக்சிலுக்கும் போகும். மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் போட்டு ஓட்டினால் செலவு உங்களுக்குத்தான்.

பொள்ளாச்சிக்காரன்:
மணல் மூட்டை எல்லாம் சரிங்க. ஆனால் குறுக்குப் பள்ளத்தில் ஒரு பின் சக்கரம் தொங்கிவிட்டால்? மணல் மூட்டை உதவாது, சாதாரண ஃபோர் பை ஃபோரும் திணறும். சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே விசையை விட்டுவிடும். தொங்கும் சக்கரம் காற்றில் சுற்றும், மண்ணில் இருப்பது சும்மா நிற்கும்.

அதனால்தான் நான் டொயோட்டா ஹைலக்ஸ் எடுத்தேன். 2022ல் இந்தியாவுக்கு வந்ததில் இருந்தே ஃபோர் பை ஃபோரோடு, பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். 2.8 லிட்டர், 204 குதிரைத் திறன். மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. தண்ணீரில் 700 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஆனைமலை அடிவாரத்தில் என் தென்னந்தோப்புக்குள் உப்பாற்று ஓரம் மழைக்காலத்தில் போய் வருகிறேன், ஒரு நாளும் டிராக்டர் கூப்பிட்டது இல்லை.

கோபி வாய்க்கால்:
அண்ணா, புதிய ஃபோர் பை ஃபோர் வி-கிராஸில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வருகிறது. சுற்றும் சக்கரத்தை அதுவே பிரேக் போட்டுப் பிடிக்கும், விசை மறு சக்கரத்துக்குப் போகும். ஒன்றரை கிலோமீட்டர் இட்டேரிக்கு அது போதாதா? பல லட்சம் அதிகம் கொடுத்து ஹைலக்ஸ் எதற்கு?

பொள்ளாச்சிக்காரன்:
இரண்டும் ஒன்றாகிவிடாது தம்பி. டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்கரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கும். அந்தச் சுற்றலிலேயே ஈரச் சரளை பறிந்து குழியாகிவிடும். டிஃபரன்ஷியல் லாக் போட்டால் சுற்றுவதற்கு முன்பே இரண்டும் பிடித்திருக்கும். ஏற்றத்தின் அடியிலேயே போட்டுக்கொண்டு நிதானமாக ஏறுகிறேன், தடம் கெடுவதில்லை. தடம் நம்முடையது, மறுநாளும் நாம்தான் போக வேண்டும்.

அந்தியூர்ச் சந்தை:
எல்லோரும் ஏறுவதையே பேசுகிறீர்கள். ஏற்றுவதை யாராவது பேசுங்கள்.

வெள்ளைப் பலகை (சொந்த உபயோகத்துக்குப் பதிந்த) பிக்கப்பில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்த எடையில் வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். அதில் ஐந்து ஆளையும் கழியுங்கள். மீதி ஒரு டன்னுக்குப் பக்கத்தில்கூட வராது. யூரியா மூட்டை 45 கிலோ, பத்து மூட்டை போட்டால் 450. அதோடு இரண்டு ஆள் உட்கார்ந்தால் கதை முடிந்தது. மக்காச்சோளம் அறுத்த நாளில் எத்தனை நடை அடிப்பார் இவர்?

மகிந்திரா பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் எடுங்கள். 2.5 லிட்டர், 75 குதிரைத் திறன்தான். வேகம் கிடையாது, மலை ஏறினால் இரண்டாம் கியரில் முனகும். ஆனால் ஒரு டன் ஏற்றலாம், ஆளும் ஐந்து பேர் உட்காரலாம். ஊர் ஊருக்கு மெக்கானிக் இருக்கிறார்கள். வி-கிராஸ் விலையில் இரண்டு கேம்பர் வரும். பர்கூர் மலைக்கு நான் பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி வண்டியில்தான் போகிறேன், மாட்டுக்குத் தீவனமும் அதில்தான், கன்றுக்குட்டியும் அதில்தான்.

கோபி வாய்க்கால்:
குடும்பத்தோடு கோயம்புத்தூர் போக வேண்டும் என்றால் கேம்பரில் போவீர்களா அண்ணா? ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.சி. எல்லாம் பார்க்க வேண்டாமா? ஒரே வண்டியில் இரண்டு வேலையும் ஆக வேண்டும் என்றுதானே இவர் பிக்கப் பக்கம் வருகிறார்.

அந்தியூர்ச் சந்தை:
அவர் கேட்டது மலைக்காட்டுக்கு. கோயம்புத்தூருக்குப் பஸ் இருக்கிறது, பழைய கார் ஒன்று வாங்கினால்கூடப் போதும். பாதுகாப்பு பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதை மறுக்கவில்லை.

தாளவாடி அம்மணி:
நான் தாளவாடியில் முட்டைக்கோஸ் போடுகிறேன். திம்பம் மலையில் 27 வளைவும் வாரம் இரண்டு முறை நானே ஓட்டி இறங்குகிறேன். நீங்கள் எல்லோரும் விட்டது இறங்குவதை.

ஏற்றத்தில் சக்கரம் சுற்றினால் வண்டி நிற்கும், இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். இறக்கத்தில் சறுக்கினால் நிற்காது. மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் ஒரு ஃபோர் பை டூ பிக்கப் இருந்தது. தூறல் விழுந்த மண் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் பூட்டி, வண்டி பக்கவாட்டில் வழுக்கிக் கிளுவை வேலியில் போய் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் இருபதடி ஆழக் கிணறு. அன்றைக்கு என் மகனும் பக்கத்தில் இருந்தான். அதற்குப் பிறகு ஃபோர் லோ இல்லாத வண்டியை நான் தோட்டத்துக்குள் விடுவதில்லை. ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் இன்ஜின் பிடியிலேயே இறங்கினால் நாலு சக்கரமும் உருண்டுகொண்டே வரும். உருளும் சக்கரம்தான் திரும்பும்.

உங்கள் அப்பாவிடம் போர்வெல் மோட்டார் கணக்கோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

பெருந்துறை டீசல்:
அம்மணி சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இறக்கத்துக்கு ஃபோர் லோ வேண்டும், அதில் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, எந்தக் கம்பெனி என்பதற்கு முன்னால் கடம்பூர்த் தம்பி ஒன்று சொல்ல வேண்டும். மலைக்குப் போகாத நாளில் வண்டி எங்கே ஓடும்? வீட்டில் இருந்து வாய்க்கால் மேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர் என்றால் புதிய புகை விதிப்படி வரும் பி.எஸ். 6 டீசலுக்கு அது ஆகாது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது சூடேறினால்தான் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்யும். தினமும் குட்டி ஓட்டமாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். போன மாதம் ஒரு பிக்கப் வந்தது. டி.பி.எஃப். எச்சரிக்கை விளக்கு எரிந்து பத்து நாள் ஆகியும் உடைமையாளர் அப்படியே ஓட்டியிருக்கிறார். வாரம் ஒரு முறை பைபாஸில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டியிருந்தால் பட்டறைச் செலவே வந்திருக்காது.

கடம்பூர்க்காடு:
வாரம் மூன்று நடை மலை இருப்பதால் டி.பி.எஃப். சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன் அண்ணா. தாளவாடி அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேசவில்லை, எழுந்து கட்டுத்தரைக்குப் போய்விட்டார். பொழுதோடு வந்து "ஃபோர் பை டூ வேண்டாம்" என்றார்.

அதனால் அந்தக் கேள்வி முடிந்தது. இன்று காலை மேலே போய் வேறு ஒன்று பார்த்தேன். வி-கிராஸும் ஹைலக்ஸும் நீளத்தில் 5.3 மீட்டர் பக்கம். அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டிக்கொண்டு போய் இட்டேரி முடக்கில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வேலி ஓரக் கல்தூண் இடிக்கிறது. ஒரே வெட்டில் திரும்பாது, பின்னால் எடுத்து இரண்டாம் வெட்டில்தான் திரும்பும். கேம்பர் ஐந்து மீட்டருக்குள் இருப்பதால் அது திரும்பிவிடும்.

அந்தியூர்ச் சந்தை:
அதைத்தான் சொன்னேன்.

பொள்ளாச்சிக்காரன்:
ஒரு கல்தூணுக்காக வண்டியையே மாற்றுவதா? பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசி, நம் செலவில் இரண்டடி தள்ளி நட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் நாளைக்கு டிராக்டர் டிரெய்லர் திரும்ப வேண்டும்தானே. பள்ளம் கடக்கும்போது பின்பக்கம் தரையில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள், நீள வண்டிக்கு அது முக்கியம். ஹைலக்ஸில் பின்பக்கக் கோணம் 26 டிகிரி. உங்கள் பள்ளத்தின் கரை அதைவிடச் செங்குத்து என்றால் மண்ணைச் சாய்வாக வெட்டி வைக்க வேண்டும்.

தாளவாடி அம்மணி:
எந்த வண்டியானாலும் உங்கள் பட்டா நிலத்தில் ஏறிப் பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுற்றிலும் 2013ல் அறிவித்த சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். ஃபோர் பை ஃபோர் வந்த சந்தோஷத்தில் பையன்கள் மாக்கம்பாளையம் பக்கம் காட்டுக்குள் தடம் மாறி ஓட்டுகிறார்கள். அது குற்றம், ஆனை வழியும் அதுதான். குரும்பூர்ப் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் வெள்ளம் வந்தால் எத்தனை சக்கரம் இழுத்தாலும் இறங்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

கடம்பூர்க்காடு:
காட்டுக்குள் போக மாட்டேன் அக்கா.

கல்தூண்காரர் சம்மதித்துவிட்டார், ஆனால் மக்காச்சோள அறுப்பு முடிந்த பிறகுதான் தூணைப் பிடுங்க முடியும் என்கிறார். அதுவரை அவசரப்படவில்லை. வி-கிராஸ் இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவலா, கேம்பர் ஃபோர் வீலா என்று இரண்டில் வந்து நிற்கிறது. ஹைலக்ஸ் என் கைக்கு எட்டாது பொள்ளாச்சி அண்ணா, லாக் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் மனதில் இருக்கிறது.

கோபி வாய்க்கால்:
அப்படியானால் ஒன்று செய்வோம். அடுத்த மழை பெய்த மறுநாள் என் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். கீழே பத்து யூரியா மூட்டை ஏற்றுங்கள். முடக்கு வரைக்கும் ஃபோர் ஹையில் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகக் கியர்) வந்து, அங்கே வெட்டித் திருப்பி, உங்கள் இருநூறு அடியை ஃபோர் லோவில் ஏறி இறங்கலாம். ஸ்டியரிங் உங்கள் அப்பாவிடம்.

அந்தியூர்ச் சந்தை:
நானும் கேம்பரோடு வருகிறேன். எனக்கு இருபது மூட்டை ஏற்றுங்கள்.