‘லிம்ப் மோடு’க்குத் தமிழ்ச்சொல்: ‘தாங்குநடை’யை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பழைய ஹைபிரிட் கார்களைப் பழுதுபார்ப்போருக்கான கையேட்டின் சொற்பட்டியலில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. ‘லிம்ப் மோடு’ ஒன்றுதான், அதாவது கோளாறு கண்டதும் கார் கணினி ஆற்றலைக் குறைத்து வண்டியை மெதுவாக மட்டும் ஓட விடும் நிலைதான், மூன்று வாரமாக இழுபறியில் நிற்கிறது. ஈரோட்டு நண்பர் ‘நொண்டு முறை’ என்றார். பெருந்துறை அம்மையார் ‘முடக்க நிலை’ என்றார். ‘அவசரப் பாதுகாப்பு முறைமை’ என்று ஒருவரும் ‘தளர்நடை’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். நான் முன்வைக்கும் சொல் ‘தாங்குநடை’. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

சென்ற சித்திரையில் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். வண்டி நான் இரண்டாம் கையாக வாங்கியது. பதினான்கு ஆண்டு ஓடிய ஹைபிரிட். 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மறுத்தது. புலிகள் காப்பகம் என்பதால் இறங்கி நிற்கவும் வழியில்லை. பின்னால் வந்த லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டபடியே ஒவ்வொரு வளைவாக ஏறினோம். அந்த அரைமணி நேரத்தில் என் மனைவி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இது நின்றுவிடுமா, போய்ச் சேருமா?”

நம் சொல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. கையேட்டைப் படிப்பவர் பணிமனை மேசையில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமல்ல. நடுவழியில், விளக்கு எரியும் வண்டிக்குள், பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவரும்தான்.

வண்டி போய்ச் சேர்ந்தது. திம்பம் உச்சியில் நிழலில் நிறுத்திவிட்டு, இறக்கத்தில் பிரேக்கை நம்பிச் சோதனை செய்ய வேண்டாம் என்று, ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழைத்துச் சத்தியமங்கலம் கொண்டுவந்தோம்.

பணிமனையில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். இந்த வகைக் காரில் உயர் மின்னழுத்த மின்கல அடுக்கு பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். அதைக் குளிர்விக்கும் விசிறி, பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள துளை வழியாகக் கார் உள்ளறையின் காற்றைத்தான் இழுக்கும். பழுதுபார்ப்பவர் விசிறியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அணில்கூண்டு போன்ற அதன் இதழ்களுக்கு இடையே விரல் நுழைய இடமில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல் ஏதோ அடைத்திருந்தது. கிள்ளி எடுத்துப் பிரித்தேன். பஞ்சு. முன்பு இந்த வண்டியை வைத்திருந்தவர் திருப்பூரில் பனியன் தொழில் செய்தவர். மாதிரித் துணிகளைப் பின் இருக்கையில்தான் வைத்துக் கொண்டுபோவாராம். ஆண்டுக்கணக்கில் பறந்த பஞ்சுத் துகள் எல்லாம் விசிறிக்குள் போய்ப் படிந்திருக்கிறது. காற்றில்லாமல் மின்கலம் கொதித்திருக்கிறது. திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் பழைய ஹைபிரிட் வாங்குவோர் எல்லாரும் முதலில் அந்த விசிறியைத்தான் பார்க்க வேண்டும். நாய் வளர்ப்போர் வீட்டு வண்டியிலும் இதே கதைதான், முடி அடைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு மாதத்தில் விளக்கு மீண்டும் வந்தது. அடுக்கில் 7.2 வோல்ட் கட்டுகள் 28, மொத்தம் 201.6 வோல்ட். கணினி அவற்றை இரண்டிரண்டாக 14 தொகுதிகளாக அளக்கிறது. பதின்மூன்று தொகுதிகள் ஒத்த அளவு காட்ட, ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. ஒரு கட்டுக்குள் 1.2 வோல்ட் அறைகள் ஆறு உண்டு. அவற்றில் ஒன்று செத்துவிட்டால் இப்படித்தான் காட்டும். பழுதுபார்ப்பவர் ரப்பர் கையுறை அணிந்து, பாதுகாப்புச் செருகியைப் பிடுங்கி, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகே உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் அருகே கை கொண்டுபோனார். அந்தப் பத்து நிமிடத்தைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று முன்பே கேட்டிருக்கிறேன். மீண்டும் கேட்கிறேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அன்று மலையில் அந்த வண்டி செய்தது என்ன? நம் தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரில் மின்னழுத்தம் குறைந்தாலோ ஒரு ஃபேஸ் போனாலோ ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே மோட்டாரை ஒரேயடியாக நிறுத்திவிடும். மோட்டார் பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் நின்றுபோகும். கிணற்றடியில் அது சரி. ஓடும் கார் அப்படி நிற்கக் கூடாது. ஆகையால் கார் கணினி வேறொன்று செய்கிறது: நோவுபட்ட உறுப்பின்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டு, மற்ற உறுப்புகளை வைத்து, மெதுவாக ஓட விடுகிறது. மின்கலம் சூடானால் அதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும். மின்கலத்தின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் குளிர்நீர்ப் பம்பு நின்றுபோய் இன்வெர்ட்டர் கொதித்தாலும் இதுதான் நடக்கும். இரண்டும் வயதான ஹைபிரிட்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறுகள்.

‘முடக்க நிலை’ இதற்குப் பொருந்தாது. முடங்கியது நகராது, இந்த வண்டி நகர்கிறது. அந்தச் சொல்லை அன்று திரையில் பார்த்திருந்தால் யானைத் தடத்தின் நடுவே வண்டியை நிறுத்தியிருப்பேன். ‘அவசரப் பாதுகாப்பு முறைமை’ நேர்மாறான பிழையைச் செய்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கண்டதும் ஆபத்து ஒன்றுமில்லை போலும், இன்னும் நூறு கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும். பாதுகாக்கப்படுவது மின்கலம், பயணியல்ல. ‘நொண்டு முறை’ பொருளுக்கு மிக அருகில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் ஊனமுற்றவரை இழிவாக அழைக்கும் சொல்லின் வேர் அது. மாற்றுத்திறனாளி என்ற சொல்லை நாம் பெரும்பாடுபட்டு நிலைநிறுத்தியிருக்கும்போது, காரின் திரையில் அந்த வேர் வர வேண்டாம். ‘தளர்நடை’ அழகான சொல்தான். ஆனால் பக்தி இலக்கியத்தில் அது குழந்தையின் முதல் நடை. நடக்கப் பழகும் குழந்தைக்கு நோவு எதுவும் இல்லை.

என் தாத்தா காங்கயம் பக்கம். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த காளைக்கு வெள்வேல முள் குளம்பில் ஏறிவிட்டால், அது நடக்கும் விதத்தைப் பார்த்ததும் “காலைத் தாங்குகிறது” என்பார். நொண்டுகிறது என்று சொல்லமாட்டார். அந்தக் காளை படுத்துவிடாது. நோகும் காலில் பாரம் போடாமல், மற்ற மூன்று கால்களில் எடையை வாங்கிக்கொண்டு நடக்கும். தாத்தா உடனே வண்டியைவிட்டு இறங்கிக்கொள்வார். மூட்டை இருந்தால் இறக்கி வைப்பார். அதட்டமாட்டார், விரட்டமாட்டார். வீடு வந்ததும் முதல் வேலையாகக் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். ஹைபிரிட் ஓட்டுநருக்கு நாம் கையேட்டில் எழுதவிருக்கும் அறிவுரை முழுவதும் அவர் செய்ததில் இருக்கிறது.

இலக்கணப்படி தாங்குநடை வினைத்தொகை. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் நடை என மூன்று காலத்துக்கும் விரியும். ஊறுகாய், சுடுசோறு போல. ‘வண்டி தாங்குநடையில் வந்தது’, ‘தாங்குநடைக்குப் போய்விட்டது’ என்று வேற்றுமை உருபுகள் தட்டில்லாமல் ஏறுகின்றன. ஐந்தே எழுத்து, சிறிய திரையிலும் அடங்கும்.

மறுப்புகள் வரும் என்று தெரியும். ‘தாங்கி’ என்பதை ஏற்கெனவே பேரிங்குக்கு வைத்திருக்கிறோம், குழம்பாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். தாங்கி பொருட்பெயர், தாங்குநடையில் ‘நடை’ சேர்ந்த உடனே அது ஒரு நிலையைக் குறித்துவிடுகிறது. காருக்கு நடை ஏது என்றும் கேட்டார். பஸ்ஸும் லாரியும் நம் ஊரில் நடைதான் போகின்றன: “பொள்ளாச்சிக்கு நாளைக்கு நான்கு நடை” என்கிறோம். அந்தப் பொருளும் இங்கே கூடவே வரட்டும். விளக்கு எரிந்த பிறகு வண்டி போகலாம். ஆனால் ஒரு நடைதான், அதுவும் பணிமனைக்கு.

இந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பிரேக் கோளாறுக்குத் தாங்குநடை கிடையாது. பல ஹைபிரிட்களில் மிதியை அழுத்தியதும் பிரேக்குக்கு அழுத்தம் கொடுப்பது ஒரு மின்பம்பும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலமும். கலம் கசியத் தொடங்கினால் மிதியைத் தொடாதபோதும் பம்பு சில நொடிக்கு ஒருமுறை ‘உர்ர்’ என்று ஓடும். அந்தச் சத்தமும் சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். “தாங்குநடையில் மெல்ல இறங்கிவிடலாம்” என்று ஒருவர்கூட நம் சொல்லைச் சொல்லி மலையிறங்கக் கூடாது. இன்னொன்று: வால்பாறையின் 40 வளைவுகளில் இறங்கும்போது மின்கலம் நிரம்பிவிட்டால், அதற்கு மின்னேற்றியபடி மோட்டார் தரும் தடுப்பு குறைந்துபோகும். அது கோளாறல்ல, இயல்பு. கியர்த் தண்டை ‘B’ நிலைக்கு (நிறுத்திவைக்கும் ‘P’ அல்ல) தள்ளி எஞ்சினைத் தடுப்பாக்க வேண்டும். இதற்கும் தாங்குநடை என்று பெயரிட வேண்டாம்.

அடுத்தது, முழுவதும் நின்றுபோகும் நிலை. 2014 பிப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 19 லட்சம் பிரியஸ் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள் சூடாகிச் சேதமடையலாம், அப்போது வண்டி குறைந்த ஆற்றலில் ஓடும், அரிதாக நின்றும் போகலாம் என்பதுதான் காரணம். 2018 அக்டோபரில் சுமார் 24 லட்சம் ஹைபிரிட்களை அழைத்தபோது சொன்ன காரணம் வேறு: குறைந்த ஆற்றல் நிலைக்குப் போக வேண்டிய வண்டி சில சமயம் அதற்குப் போகாமலே நின்றுவிடக்கூடும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யும், ஆனால் இழுவை இருக்காது. இந்த இரண்டாவது குறையைத் தமிழில் எழுத முயன்று பாருங்கள். இரண்டு நிலைகளுக்கும் தனித்தனிச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம்கூட நகராது. குறைந்த ஆற்றலில் ஓடுவதற்குத் தாங்குநடை. முழுவதும் நின்றுபோவதற்கு மக்கள் வாயிலேயே சொல் இருக்கிறது: வண்டி படுத்துவிட்டது. அதிலிருந்து ‘படுநிலை’ என்று எடுக்கலாமா? ‘படு’ என்பதில் அழிவுப் பொருளும் ஒலிப்பதால் எனக்கே இதில் முழு நிறைவில்லை. இன்னும் நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களையும் மறந்துவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புகையின் நச்சைக் குறைக்கும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலும் புகைவடிகட்டி அடைத்தாலும் டீசல் லாரிகளும் இழுவையைக் குறைத்துக்கொள்கின்றன. சங்ககிரி ஓட்டுநர் ஒருவர் “இழுவை போய்விட்டது” என்றார். ஆகவே செயலுக்கு ‘இழுவைக் குறைப்பு’, அதனால் வரும் நிலைக்குத் தாங்குநடை என்று பிரித்துக்கொள்ளலாம். ஹைபிரிட்டுக்கு மட்டும் உரிய சொல்லாக இதைக் குறுக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் இதைச் சோதித்தும் பார்த்தேன். பணிமனைக்குப் போய், பஞ்செடுத்த அதே பழுதுபார்ப்பவரிடம், விளக்கம் எதுவும் சொல்லாமல், “ஒரு வண்டி தாங்குநடையில் வந்து சேர்ந்தது என்றால் என்ன புரிந்துகொள்வீர்கள்?” என்று கேட்டேன். முப்பது வயதுக்காரர், மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவரும் அல்லர். முதலில் அவர் பார்வை முன் சக்கரத்துக்குத்தான் போனது. சஸ்பென்ஷன் என்று நினைத்திருப்பார். எனக்குச் சற்று மனம் சோர்ந்தது. பிறகு பெட்டியிலிருந்து ஸ்கேனர் கருவியை எடுத்துக்கொண்டே கேட்டார்: “எதைத் தாங்குகிறது?”

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை முடிக்கிறோம். அதற்குள் மறுப்பிருந்தால் குழுவிலேயே எழுதுங்கள், தனிமடல் வேண்டாம், மற்றவர்களும் படிக்கட்டும். பெருந்துறை அம்மையார் ‘படுநிலை’ பற்றி அவசியம் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து