கேமராவில் ஆட்டோ மோடை விட்டு வெளியே வருபவர் எந்த மோடில் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை, அதோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸுடனும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுடனும் வாங்கினேன். இதுவரை முழு ஆட்டோவில்தான் எடுத்து வருகிறேன். அக்கா மகளின் பிறந்தநாளன்று, கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தபோது ஃபிளாஷ் தானாக எழும்பி எல்லார் முகத்தையும் வெளுக்கடித்தது. அதை அணைத்துவிட்டு எடுத்தால், ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கலங்கலாக விழுந்தார்கள். மேனுவலில் எடுத்தால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்ற மூன்று எண்களையும் திருத்தி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடுகிறது. டயலில் உள்ள பி, ஏ, எஸ், எம் ஆகிய நான்கில் நான் எதைப் பழக வேண்டும்?

மறுமொழி 1

ஏ என்னும் அபெர்ச்சர் பிரையாரிட்டியில் தொடங்குங்கள். கேனானில் இதற்கு ஏவி என்று பெயர். லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எஃப் எண்ணால் நீங்கள் சொல்கிறீர்கள் (எண் சிறிதானால் துளை பெரிது), அதற்கேற்ற ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, கேமரா கணக்கிட்டுக்கொள்கிறது. உங்கள் கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, 50 மி.மீ. லென்ஸோ எஃப் 1.8 வரை திறக்கும் என்பதால், அதே கூடத்தில் ஏறத்தாழ 10 மடங்கு ஒளி உள்ளே வரும். 1/20 நொடி தேவைப்பட்ட இடத்தில் 1/200 கிடைக்கும். கலங்கலுக்கு முதல் மருந்து உங்கள் பையிலேயே இருக்கிறது.

ஆனால் எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தொலைவில் நிற்கும் பிள்ளையை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 10 செ.மீ. அளவுதான். இருவர் முன்னும் பின்னுமாக நின்றால் ஒருவர் முகம் மங்கிவிடும். அப்போது எஃப் 2.8 அல்லது எஃப் 4-க்குச் செல்லுங்கள். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 என்று குறித்துவிட்டால், மாற்ற வேண்டிய எண் உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் பழைய கேமராக்கள் பலவற்றில் அந்தக் குறைந்தபட்ச வேகத்தைக் குறிக்கும் வசதியே கிடையாது. அப்படியானால் ஓடும் பிள்ளைகளுக்கு, ஷட்டர் வேகத்தை நீங்கள் குறிக்க, துளையைக் கேமரா பார்த்துக்கொள்ளும் எஸ் மோடுதான் பொருத்தம். கேனானில் அதை டிவி என்று எழுதியிருப்பார்கள். 1/250 என்று வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். பறக்கும் பறவை என்றால் 1/1000-க்குக் குறையாமல் பாருங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒளி மிகக் குறைந்து, துளையும் ஐஎஸ்ஓவும் தம் எல்லையைத் தொட்டுவிட்டால் பல கேமராக்களில் திரையில் அபெர்ச்சர் எண் மினுக்கும். அதைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டே போனால் படங்கள் எல்லாம் இருண்டே கிடைக்கும்.

எந்த மோடு என்பதைவிட, இந்தப் படம் எதனால் கெடும் என்று கேட்டுக்கொள்வதே எனக்குக் கைகொடுத்த வழி. அசைவால் கெடும் என்றால் எஸ். எது தெளிவாக, எது மங்கலாகத் தெரிய வேண்டும் என்பதில் கெடும் என்றால் ஏ. பி மோடு இரண்டையும் கேமராவிடமே விட்டுவிடுகிறது என்றாலும் ஃபிளாஷ் தானாக எழும்பாது. பயணத்தில் அவசரத்துக்கு அது போதும்.

மறுமொழி 3

மேனுவல் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. எம் என்னும் மேனுவல் மோடில், ஒளியை அளந்து காட்டும் மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி எடுத்தால், ஏ மோடு தரும் அதே வெளிச்சம்தான் கிடைக்கும்; கை வேலை கூடுகிறதே தவிரப் படம் மாறுவதில்லை. காட்சி எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே மீட்டர் முயல்கிறது. அதனால் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் அழுக்கேறியதுபோல் விழுகின்றன. கறுப்புத் திரைக்கு முன்னால் ஆடும் பரதக் கலைஞரின் முகம் வெளுத்துப்போகிறது. முதலாவதற்கு, கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-க்கு ஏற்றுங்கள், இரண்டாவதற்கு -1-க்கு இறக்குங்கள். இந்தப் பொத்தானைப் பழகாதவர் எந்த மோடில் எடுத்தாலும் தடுமாறுவார்.

ஒளி மாறாமல் நின்று, காட்சி மட்டும் மாறும் இடத்தில்தான் மேனுவல் உண்மையாகவே உதவும். மேடை விளக்கு நிலையாக இருக்கும் நாட்டியம், முக்காலியில் வைத்து எடுக்கும் இரவுக் காட்சி, முழுநிலவு ஆகியவை அத்தகையவை. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/125 என்று வைத்து முழுநிலவை எடுத்துப் பாருங்கள். ஆட்டோவில் வெள்ளைப் பொட்டாக விழுந்த நிலவில் கறைகள் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. என் கேமராவில் குறைந்தபட்ச வேகத்தைக் குறிக்கும் வசதி இல்லை. நேற்று மாலை அதே கூடத்தில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, எஸ் மோடில் 1/250 வைத்து எடுத்தேன். ஐஎஸ்ஓ 3200 வரை ஏறியதால் சிறிது மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிகின்றன. ஆனால் ஊஞ்சலிலிருந்து குதித்த பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு மாடியில் மேனுவலைத் தொடங்குகிறேன்.