ஏபிஐ சோதனைக் கருவி: டெவலப்பர்களும் டெஸ்டர்களும் சேர்ந்து பயன்படுத்த எதைத் தேர்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் டெவலப்பர்கள் ஏபிஐகளை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் இடைமுகங்கள்) ஜாவாவில் எழுதுகிறார்கள். டெஸ்டர்களில் பலர் நிரல் எழுதிப் பழகாதவர்கள். இதுவரை ஒவ்வொருவரும் போஸ்ட்மேன் என்ற ஏபிஐ சோதனைக் கருவியில், கோரிக்கைகளின் தொகுப்பாகத் தமக்கெனக் கலெக்‌ஷன்களை வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு ஏற்றுமதி செய்து அனுப்பிவந்தோம். சேவைகள் பெருகிவிட்டதால் எந்தக் கலெக்‌ஷன் நடப்பில் உள்ளது என்பதே குழப்பமாகிவிட்டது. இனி ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் சோதனைகள் சிஐயில் (நிரல் மாறும்போது சோதனைகளை ஓட்டும் தானியங்கி அமைப்பு) தாமாக ஓட வேண்டும். டோக்கன்கள் (சேவையை அணுக அனுமதி தரும் ரகசியச் சரங்கள்) வெளி நிறுவனத்தின் கிளவுடுக்குச் செல்வதை எங்கள் பாதுகாப்புப் பிரிவு ஏற்காது. எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் பழைய சோப் சேவைகள் சிலவும் உண்டு. இவை அனைத்துக்கும் ஒரே கருவி போதுமா?

பதில் 1: பேக்எண்ட் டெவலப்பர்

வசதிகளை ஒப்பிடுவதற்கு முன், சோதனைகளை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஏபிஐயின் நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (நிரலையும் அதன் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் இடம்) சோதனைகளும் இருந்தால், பதிலில் ஒரு புலத்தின் பெயரை மாற்றுகிறவர் அதற்கான சோதனையையும் அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைப் பிறரின் மறுபார்வைக்கு வைப்பது) திருத்தியாக வேண்டும். விட்டுவிட்டால் சிஐ காட்டிக்கொடுத்துவிடும். எது நடப்பில் உள்ளது என்ற கேள்வியே பிறகு எழாது.

இதற்குப் புரூனோ நன்றாகப் பொருந்தும். திறமூலக் கருவியான அது ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனி உரைக் கோப்பாக நம் கணினியிலேயே சேமிக்கிறது; கணக்குத் தொடங்கத் தேவையில்லை. போஸ்ட்மேனின் ஏற்றுமதியில் முழுக் கலெக்‌ஷனும் ஒரே ஜேசன் கோப்பாக வருவதால், அதில் என்ன மாறியது என்று மறுபார்வையில் படித்தறிவது கடினம். கணக்கில்லாமல் பயன்படுத்த முடிந்த ஸ்கிராட்ச் பேடைப் போஸ்ட்மேன் 2023இல் நீக்கியது. அதே ஆண்டில் இன்சோம்னியா என்ற இன்னொரு கருவியின் 8ஆம் பதிப்பும் கணக்கைக் கட்டாயமாக்கி, பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் அதைத் தளர்த்தியது. உங்கள் பாதுகாப்புப் பிரிவின் நிபந்தனையைப் பார்க்கும்போது, கோப்புகள் நம் கையில் இருப்பதே முதல் அளவுகோல் என்பேன்.

பதில் 2: சோதனைக் குழுத் தலைவர்

சேமிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சோதனைக்குள் என்ன எழுதப் போகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். வெற்றியைக் குறிக்கும் நிலைக்குறியீடு 200 வந்ததா என்று மட்டும் பார்க்கும் சோதனைகள் ஆயிரம் இருந்தாலும் பயன் குறைவு. வேண்டிய புலங்களை மட்டும் கேட்டுப் பெறும் கிராஃப்கியூஎல் சேவைகளில் பிழை நேர்ந்தபோதும் 200 வருவது வழக்கம். பிழை பதிலின் உள்ளே இருக்கும். பதிலின் வடிவம், தவறான உள்ளீட்டுக்கு வரும் எதிர்வினை, ஒரு பயனரின் டோக்கனைக் கொண்டு இன்னொருவரின் தரவைக் கேட்டால் மறுக்கப்படுகிறதா என்பது ஆகிய மூன்றையும் எளிதாக எழுத முடிகிற கருவியே உங்களுக்குத் தேவை.

ரெஸ்ட் அஷ்யூர்ட் என்ற ஜாவா நூலகம் ஜாவாக்காரர்களுக்கு இயல்பாக வரும்; ஆனால் நிரல் எழுதாத டெஸ்டர்கள் அதன் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உங்கள் குழுவுக்குக் கராத்தே என்ற சோதனைக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். அதுவும் ஜாவா சூழலிலேயே ஓடுகிறது. ஆனால் சோதனைகளை, சாதாரண வாக்கியம் போன்ற கெர்கின் நடையில், ஜாவா எழுதாமலே அமைக்கலாம். இந்தப் புலம் எண்ணாக இருக்க வேண்டும், அது எழுத்துச்சரமாக இருக்க வேண்டும் என்று பதிலின் முழு வடிவத்தையும் ஒரே வரியில் ஒப்பிட முடியும். எக்ஸ்எம்எல்லையும் கையாளுவதால் சோப் சேவைகளுக்கும் உதவும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இருக்கும் போஸ்ட்மேன் கலெக்‌ஷன்களை முழுவதும் கைவிட வேண்டுமா?

பதில் 3: டெவ்ஆப்ஸ் பொறியாளர்

உடனே வேண்டாம். போஸ்ட்மேனின் துணைக் கருவியான நியூமேன் அவற்றைக் கமாண்ட் லைனில் ஓட்டும். ஒரு சோதனை தோற்றாலும் பிழைக் குறியீட்டுடன் முடிவதால் சிஐ அங்கேயே நின்றுவிடும். டோக்கன்களைக் கலெக்‌ஷனில் எழுதாமல், சிஐயின் ரகசியப் பெட்டகத்திலிருந்து ஓடும்போது கொடுங்கள். புரூனோவுக்கு மாறினால் கலெக்‌ஷன்களை இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆனால் உள்ளிருக்கும் ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஒரே கருவிக்குள் எல்லாவற்றையும் திணிக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. சோப் சேவைகளை ஆராய்வதற்கு, டபிள்யூஎஸ்டிஎல் (சோப் சேவையை விவரிக்கும்) கோப்பிலிருந்தே கோரிக்கைகளை உருவாக்கித் தரும் சோப்யூஐ இன்றும் வசதியானது. ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனைக்கு ஜேமீட்டர் அல்லது கே6 வேண்டும். அன்றாடச் சோதனைக்குப் புரூனோ, கராத்தே இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு, உள்நுழைவும் பணம் செலுத்துதலும் போன்ற பல படிகள் கொண்ட ஒரு பாதையை இரண்டிலும் எழுதிப் பாருங்கள். எழுதுபவர் டெவலப்பராக இல்லாமல், பிற்பாடு அதைப் பராமரிக்கப் போகும் டெஸ்டராக இருக்கட்டும்.